பூஞ்செடிகளும் பேணிய கைகளும்: இலங்கையிற் பூஞ்செடி வளர்ப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் வரலாற்றிலே தாவரங்கள் இடம்பெறாமல் இல்லை. கறுவாவின் பொருட்டுப் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பொருதமையும், 1869ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்ட இலைத்துரு நோயினாற் கோப்பிச் செய்கை அழிந்தமையும், அதன் இடத்தைத் தேயிலை பெற்றமையும் பாடநூல்கள் யாவற்றிலும் கூறப்படுவன. ஆயின், வீட்டு முற்றத்திலும் கோயில் வீதியிலும் நாள்தோறும் பூத்து உதிரும் செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, வெட்சி முதலிய பூஞ்செடிகளுக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. அவை ஏற்றுமதியாகவில்லை; வரி தரவில்லை; அவற்றின் பொருட்டுப் போர்கள் நிகழவில்லை. பயன் கருதாத அழகுப் பொருள்கள் என்ற எண்ணத்தாலே வரலாற்றாசிரியர் அவற்றை ஒதுக்கினர் எனலாம்.

பூஞ்செடிகளைப் பற்றி எழுதப்பட்டவையும் பெரும்பாலும் ஒரே வினாவுக்கு விடை தேடுவன: இச்செடி எந்நாட்டிலிருந்து, எந்த ஆண்டில், எவராற் கொண்டுவரப்பட்டது? இவ்வினா இன்றியமையாததே. ஆயினும் கொண்டுவந்த நாளோடு ஒரு செடியின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அதை நட்டு, நீரூற்றி, கத்தரித்து, பட்டுப்போகுமுன் அடுத்த தலைமுறைக்குக் கையளித்தவர் யாவர் என்பதும் வரலாற்று வினாவேயாகும். இவ்விரண்டாவது வினாவை முன்னிறுத்தி இலங்கையிற் பூஞ்செடி வளர்ப்பின் வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செவ்வரத்தை தரும் சான்று

தமிழகத்திலே செம்பருத்தி எனப்படும் செடியே ஈழத்திற் செவ்வரத்தை என வழங்குகின்றது. சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குப் பெயரிட்டபோது ‘சீன ரோசா’ எனப் பொருள்படும் சொற்றொடரைத் தெரிந்தெடுத்தார். எனினும் சீனத்திலோ வேறெந்த நாட்டிலோ இச்செடி காட்டிலே தானாக வளர்ந்திருப்பதாக ஐயமின்றி நிறுவப்படவில்லை. பசிபிக் தீவுகளுக்குரிய இனங்கள் மனிதர் கையிற் கலந்து உருவான கலப்பினமே இது என அண்மைக்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், அறியப்பட்ட காலம் முதலாக இது தோட்டத்துச் செடியாகவே இருந்துவருகின்றது என்பதில் ஐயமில்லை.

இச்செடி இந்நாட்டு முற்றங்களில் விதை கொள்வது மிக அரிது. அடுக்கிதழ் கொண்ட வகைகளில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருத்தலின் அவற்றில் விதையை எதிர்பார்த்தல் வீண். ஆகவே ஒரு செவ்வரத்தை மற்றொரு செவ்வரத்தையாவதற்கு மனிதர் கை வேண்டும். பென்சிற் பருமனுள்ள முற்றிய கொப்பொன்றைச் சாண் அளவுக்கு வெட்டி, கீழ் இலைகளை அகற்றி, கணுவொன்று மண்ணுள் மறையுமாறு மணல் கலந்த மண்ணிலே நட்டு, நிழலில் வைத்து, ஈரம் காயாமற் காத்தால் ஒன்றிரண்டு மாதங்களில் வேர் கொள்ளும். இவ்வாறு பெறப்படும் செடி தாய்ச்செடியின் பிள்ளையன்று. மரபியல் நோக்கில் அது தாய்ச்செடியேயாகும்.

இச்சிறு உண்மை வரலாற்று மாணவனுக்குப் பெரிதும் பயன்படுவது. பாழடைந்த கோயிலொன்றின் வீதியில் நிற்கும் மரம் பறவையிட்ட விதையினாலும் முளைத்திருக்கலாம். அடுக்குச் செவ்வரத்தையொன்று நிற்குமாயின் அங்கே ஒருவர் அதை நட்டிருத்தல் வேண்டும். அவருக்கு அக்கொப்பைக் கொடுத்தவர் ஒருவர் இருந்திருத்தல் வேண்டும். அவருக்கும் முன்னொருவர் கொடுத்திருத்தல் வேண்டும். இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அச்செடி அங்கே நிற்க இயலாது. அடுக்கு நந்தியாவட்டைக்கும் இது பொருந்தும். எனவே இச்செடிகள் எழுத்தில்லாத ஆவணங்கள். அவை சான்று பகர்வது அரசர் செயலுக்கன்று, இடையறாத பேணுகைக்கே.

நந்தவன மரபு

பூவைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப்படுத்தியது தமிழ் மரபு. தொல்காப்பியப் புறத்திணைகள் வெட்சி முதலிய பூக்களாற் பெயர் பெற்றன. பூ காட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் பறிக்கப்பட்ட நிலை மாறி, அதற்கெனத் தனி நிலமும் தனித் தொழிலாளரும் ஏற்பட்டமை கோயில் வழிபாடு பெருகிய காலத்திலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. தமிழகத்துச் சோழர் காலக் கல்வெட்டுக்கள் திருநந்தவனங்களையும், அவற்றின் பராமரிப்புக்கு விடப்பட்ட நந்தவனப்புறம் என்னும் நிலங்களையும், செடிகளுக்கு நீரிறைத்து மாலை தொடுத்தோர் பெற்ற நெல்லையும் குறிப்பிடுகின்றன. பூஞ்செடி வளர்ப்பு ஊதியம் பெறும் ஒரு தொழிலாக அமைந்திருந்தமைக்கு இவை தக்க சான்றுகள்.

பக்தி மரபு இத்தொழிலாளரை மேலும் ஒரு படி உயர்த்தியது. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் திருப்புகலூர் முருக நாயனார் இடம்பெறுவது அவர் நாடோறும் பூக்கொய்து மாலை தொடுத்த தொண்டினாலாகும். எறிபத்த நாயனார் வரலாறு முழுவதும் சிவகாமியாண்டாரின் கையிலிருந்து பட்டத்து யானை பறித்துச் சிந்திய பூக்கூடையைச் சுற்றியே அமைந்துள்ளது. வைணவ மரபிலே பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பேணியவராகப் போற்றப்படுகின்றார். பூக்கூடை சுமந்தவரின் பெயரை ஒரு காப்பியம் காத்து வைத்திருக்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர், 16ஆம் நூற்றாண்டிற் கமலை ஞானப்பிரகாசர் இயற்றிய புட்பவிதி, வழிபாட்டுக்குரிய பூக்களைப் பற்றிய நெறிமுறைகளைத் தனி நூலாகவே வகுத்துரைத்தது.

இலங்கையிலும் இதற்கு இணையான பௌத்த மரபொன்று உண்டு. பாதிகாபயன் என்னும் அரசன் அநுராதபுரத்து மகாதூபத்தைப் பூக்குவியல்களால் மூடி வழிபட்டான் எனவும், அப்பூக்கள் வாடாவண்ணம் வாவியின் நீரை இயந்திரங்களின் உதவியுடன் மேலேற்றித் தெளிப்பித்தான் எனவும் மகாவம்சம் கூறும். மிகைப்படுத்தல் இருப்பினும், அத்துணைப் பூவைத் தருவதற்குப் பரந்த பூந்தோட்டங்களும் அவற்றிற்கு நீர் பாய்ச்சியோரும் இருந்திருத்தல் வேண்டும் என்பது வெளிப்படை. மகாவம்ச ஆசிரியர் அரசன் பெயரைத் தந்தார். நீர் பாய்ச்சியோர் பெயரைத் தரவில்லை.

கடல் கடந்த செடிகள்

16ஆம் நூற்றாண்டு தொடக்கம் ஐரோப்பியரின் கடல்வழி வாணிகம் கீழைத்தேயச் செடிகளை மேற்கேயும், அமெரிக்கச் செடிகளைக் கிழக்கேயும் கொண்டுசென்றது. செடிகளோடு அவை பற்றிய அறிவும் இடம்பெயர்ந்தது. ஒல்லாந்தரின் மலையாள நாட்டு ஆளுநராக விளங்கிய வான் ரீட் என்பவரின் முயற்சியால் ‘ஓர்த்துசு மலபாரிக்கசு’ என்னும் நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. செம்பருத்தி அதன் மலையாளப் பெயராலேயே அந்நூலில் இடம்பெற்றது. அப்பெயருக்கும் ஈழ வழக்கான செவ்வரத்தை என்பதற்கும் உள்ள ஒலியொப்புமை மொழியியலாளர் கவனத்துக்குரியது. இந்நூலாக்கத்துக்கு உதவிய இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் பெயரும், கொங்கண அந்தணர் மூவரின் பெயர்களும் நூலிலேயே பொறிக்கப்பட்டன. காட்டினுட் சென்று செடிகளைக் கொணர்ந்தோர் பெயர்கள் பொறிக்கப்படவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், 1672 முதற் சில ஆண்டுகள், போல் ஹேர்மன் என்னும் வைத்தியர் ஒல்லாந்தக் கம்பனியின் சேவையில் இலங்கையில் வாழ்ந்து, உலர்செடித் தொகுதியொன்றை உருவாக்கினார். அத்தொகுதியை ஆதாரமாகக் கொண்டே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். ஈழத்துக் கோயில்களில் வழங்கும் வெட்சிக்கு அவர் சூட்டிய பேரினப் பெயர் ‘இக்சோரா’ என்பதாகும். ஈசுவரன் என்ற சொல் ஐரோப்பியர் நாவிற் சிதைந்து தோன்றிய வடிவம் அது. இறைவனுக்குப் பூப்பறித்துச் சாத்திய எளியோரின் வழக்கம் இவ்வாறு உலகத் தாவரவியலின் பெயர்ப் பட்டியலில் ஒரு சுவட்டை விட்டுச் சென்றது.

எதிர்த்திசையில் வந்தவற்றுட் போகன்விலா குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் உலகைச் சுற்றி வந்த பயணத்தின்போது, 1767ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோவில் தாவரவியலாளர் கொம்மர்சன் இதனைச் சேகரித்தார். கப்பற் றலைவரின் பெயர் செடிக்கு வழங்கப்பட்டது. கொம்மர்சன் நோயுற்றிருந்த வேளைகளில் அவருக்காகச் செடி சேகரித்துச் சுமந்தவர் ஆண்வேடம் பூண்டு கப்பலேறிய ஜீன் பாரே என்னும் பெண். உலகைச் சுற்றிவந்த முதற் பெண்ணாக இன்று அறியப்படும் அவரின் பெயர் தாவரமொன்றுக்கு நிலையாக வழங்கப்பட்டது 2012ஆம் ஆண்டிலேயாகும். கத்தரி இனத்தைச் சார்ந்த கொடியொன்று அப்பெயரைப் பெற்றது. சுமந்தவர் பெயர் பதிவாவதற்கு இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்தன.

பேராதனைப் பூங்கா

பிரித்தானியர் ஆட்சியிற் பூஞ்செடி வளர்ப்பு அரசாங்க நிறுவனமொன்றின் பணியாயிற்று. சேர் யோசெப் பாங்ஸ் என்பவரின் ஆலோசனைப்படி 1810இற் கொழும்பிலே தாவரவியற் பூங்கா ஒன்று தொடங்கப்பட்டது. 1812இல் அதன் மேற்பார்வையாளராக வந்த வில்லியம் கேர், அதற்குமுன் சீனத்தின் கன்ரன் துறைமுகத்தில் இருந்துகொண்டு இலண்டன் கியூ பூங்காவுக்குப் பூஞ்செடிகளை அனுப்பியவர். பூங்கா பின்னர் களுத்துறைக்கு மாற்றப்பட்டது. கேர் 1814இல் இறந்தார். கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின், 1821ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் மூன் அப்பூங்காவைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். மகாவலி வளைந்தோடும் அந்நிலம் கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் அரச பூங்காவாக விளங்கியது. மதுரை நாயக்கர் வழிவந்த மன்னரின் பூங்கா பிரித்தானியப் பேரரசின் பரிசோதனைக் களமாக மாறிற்று.

மூன் 1824இல் இலங்கையில் வளரும் உள்நாட்டு, வெளிநாட்டுத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். அவருக்குப் பின் காட்னர், துவெயிற்ஸ், திறைமன் முதலியோர் பூங்காவை வழிநடத்தினர். கண்ணாடிப் பெட்டியிற் செடிகளை அடைத்துக் கடல் கடத்தும் முறையை 1830களில் வார்ட் என்ற ஆங்கில வைத்தியர் பரப்பியதன் பின்னர், உப்புக்காற்றுப் படாமலும் நன்னீர் மிகுதியாக வேண்டப்படாமலும் நாற்றுக்களையும் வேர்கொண்ட கொப்புகளையும் கொண்டுவருதல் எளிதாயிற்று. பூங்காவின் காப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றிய மக்மிலன் 1910இல் வெளியிட்ட வெப்பவலயத் தோட்டக்கலைக் கைந்நூல் பல பதிப்புக்களைக் கண்டது. தோட்ட அதிகாரிகளும் நகரத்து வசதியுள்ளோரும் அதனைப் பின்பற்றினர்.

இவ்வதிகாரிகளின் பணிக்காலமும் ஆக்கங்களும் செவ்வனே பதிவாகியுள்ளன. உள்நாட்டவருள் 1823 முதல் 1861 வரை பூங்காவின் ஓவியராக விளங்கிய ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்தினவின் பெயர் காக்கப்பட்டிருத்தல் மகிழ்ச்சிக்குரியது. எனினும் நாற்றுமேடையில் நிழல் அமைத்தோர், வறட்சியிற் குடம் சுமந்தோர், எந்தக் கொப்பு எந்த மாதத்தில் வேர் விடும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தோர் ஆகியோரை வரலாற்று நூல்கள் கூலியாளர் என்ற பொதுச்சொல்லுக்குள் அடக்கிவிட்டன. கைந்நூலில் அச்சேறிய அறிவிற் கணிசமான பகுதி இவர்களின் கைகளிலேதான் சோதித்தறியப்பட்டது என்று கொள்வது தவறாகாது.

வேலி தாண்டிய செடி

பேணுகையின் முக்கியத்துவத்தை மறுபுறத்திலிருந்து விளக்குவது லந்தானா எனப்படும் உண்ணிச்செடியின் வரலாறு. வெப்பவலய அமெரிக்காவுக்குரிய இச்செடி, மஞ்சளும் செம்மையும் கலந்த அதன் சிறு பூங்கொத்துக்களின் அழகு கருதி, 1826 அளவிற் பேராதனைப் பூங்கா வழியாக இலங்கைக்கு வந்தது. செவ்வரத்தை போலன்றி இது ஏராளமாகக் காய்ப்பது. கனிகளை உண்ட பறவைகள் விதைகளைத் தெருவோரங்களிலும் கைவிடப்பட்ட சேனை நிலங்களிலும் பரப்பின. இலை நச்சுத்தன்மையுடையதாதலின் கால்நடைகள் இதனை உண்டு கட்டுப்படுத்தவில்லை. இன்று உடவளவை தேசிய பூங்காவிலே யானைகளின் மேய்ச்சல் நிலத்தைக் கவர்ந்து நிற்பவற்றுள் இதுவும் ஒன்று. அவாய்த் தீவுகளில் 1902ஆம் ஆண்டிலேயே இதனை அடக்குவதற்கு மெக்சிக்கோவிலிருந்து பூச்சிகள் கொண்டுவரப்பட்டன.

இங்கே ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. செவ்வரத்தையும் அயலிலிருந்து வந்தது; லந்தானாவும் அயலிலிருந்து வந்தது. ஒன்று கோயிற் பூவாயிற்று, மற்றது களையாயிற்று. அயன்மை இவ்விரண்டுக்கும் பொதுவாதலின் இவ்வேறுபாட்டுக்கு அது காரணமாகாது. ஒன்று மனிதர் கையை விட்டு நீங்க இயலாதது. மற்றது மனிதர் கையை வேண்டாதது. ‘இது இம்மண்ணுக்குரியதா?’ என்ற வினாவுக்குப் பிறந்த இடத்தை மட்டும் காட்டி விடையளித்தல் செடிகளின் வரலாற்றிலே போதாது என்பதை இவை புலப்படுத்துகின்றன.

முற்றமும் தோட்டமும்

யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்த செம்மண்ணிற் கிணற்று நீரை நம்பியே பூஞ்செடி வளர்க்கப்பட்டது. துலாவினால் இறைத்த நீர் தோட்டத்துக்குப் பாய, கிணற்றடியிற் குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் செவ்வரத்தைக்கும் சென்றது. ஒரு துளியும் வீணாகாத இவ்வமைப்பு வறுமையின் விளைவன்று. தேர்ந்த நீர் முகாமையாகும். சுண்ணம் மிகுந்த மண்ணில் வெட்சி முதலியவற்றின் இலைகள் இரும்புச் சத்தைப் பெறமாட்டாமல் மஞ்சளாகும். புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்த்திய அனுபவமுடையோர் செடியடியிலும் இலைகுழையையும் சாணத்தையும் இட்டனர். மண்ணின் காரத்தன்மையை ஓரளவு தணிப்பது அது என்பதை இரசாயனம் பின்னர் விளக்கியது.

கொப்பு நடும் முறையும் இங்கே புதிதன்று. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை மாரி தொடங்கும் வேளையில் நட்டு உயிர்வேலி அமைத்த சமூகத்துக்குச் செவ்வரத்தைக் கொப்பை நடுதல் இயல்பான செயலே. பூ புதுத்தளிரிலேயே அரும்புவதாதலின் மாரிக்கு முன்னர்ச் செடியைக் கத்தரித்தல் வேண்டும் என்பதும் அறியப்பட்டிருந்தது. செவ்வரத்தைப் பூவின் வாழ்வு பெரும்பாலும் ஒரு நாளேயாதலால் நாடோறும் விடியலிற் பறித்தல் செடிக்கு இழப்பாகவில்லை. வழிபாட்டு ஒழுங்கும் செடியின் இயல்பும் இவ்விடத்தில் ஒன்றுபட்டன. வீடுகளில் இப்பணி பெரும்பாலும் பெண்களுடையதாகவும், கோயில்களில் மாலை கட்டும் பண்டாரங்களுடையதாகவும் இருந்தது. இருசாராரும் எழுதி வைக்கவில்லை.

மலையகத்திலே நிலைமை வேறு. தேயிலைத் தோட்டத் துரைமாரின் மாளிகைகளைச் சூழ்ந்த பூந்தோட்டங்களைப் பேணியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழியினர். அவர்கள் செக்குறோலில் ஒரு நாட்பேராகக் கணக்கிடப்பட்டனர். தம் லயத்தின் முன்னுள்ள ஒடுங்கிய நிலத்திலும் அவர்கள் பூ வளர்த்தனர். ஆயின் அந்நிலம் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேருக்கு இந்தியக் குடியுரிமை வழங்க இணக்கம் காணப்பட்டது. அவர்களுட் பெருந்தொகையினர் பின்னர் கப்பலேறினர். துரைமார் கடல் கடந்து கொணர்ந்த செடிகள் மலைச்சரிவுகளில் நிலைபெற்றன. அவற்றுக்குத் தலைமுறை தலைமுறையாக நீரூற்றியோரின் வழியினர் பிறந்த இடம் கேட்கப்பட்டு வெளியேறினர். பூஞ்செடி வரலாற்றிற் பேணியோரை மறத்தல் வெறும் கல்விக் குறைபாடன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை.

பேணுகை அறுந்த நிலையையும் அண்மை வரலாறு காட்டியுள்ளது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009இற் போர் முடிந்தபின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்ட காணிகளுக்குத் திரும்பியோர் பற்றைக்காட்டையே கண்டனர். கதியால் வேலிகள் அழிந்தமையால் எல்லைகளையும் அறிய இயலாதிருந்தது. முற்றத்துச் செடிகள் மீண்டது, அயலூர்களிலும் உறவினர் வீடுகளிலும் எஞ்சியிருந்த கொப்புகளை வாங்கி நட்டதனாலேயே. தொடர் அறுந்த இடத்தில் அதை மீண்டும் முடிந்தவை மனிதர் கைகளே.

பேணுகை என்பது தனி வீட்டோடு முடிவதுமன்று. 2008ஆம் ஆண்டிற் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையிற் காணப்பட்டு, பப்பாசியோடு செவ்வரத்தை முதலிய பூஞ்செடிகளையும் தாக்கியபோது, அதன் இயற்கைப் பகையான ஒட்டுண்ணிக் குளவி வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு 2009இல் விடப்பட்டது. பூச்சியும் அயலது, அதனை அடக்கிய குளவியும் அயலது. நஞ்சு தெளிப்பதனாலன்றி அறிவாலும் பொறுமையாலும் ஒரு நாட்டின் முற்றங்கள் காக்கப்படலாம் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். ஒன்று, ஈழத்து முற்றத்துப் பூஞ்செடிகள் பல நாடுகளிலிருந்து பல காலங்களில் வந்தவை. அவற்றை ஓரிடத்துக்கு உரியவையாக்கியது பிறப்பன்று, பேணுகையே. மற்றது, அப்பேணுகையைச் செய்தோர் எழுத்து வரலாற்றிற் பெரும்பாலும் பெயரற்றவராயினர். பூக்கூடை சுமந்தவரையும் பெயர்கூறிப் போற்றிய பெரிய புராண மரபை உடைய சமூகம் இக்குறையைப் பொறுத்துக்கொள்ளுதல் பொருந்தாது.

இக்குறையை நீக்குவதற்குப் பெரும் பொருளோ பிறநாட்டு ஆவணக் காப்பகமோ வேண்டப்படுவதில்லை. கோயில் நந்தவனங்களையும் தோட்ட மாளிகைகளையும் பழைய முற்றங்களையும் அணுகி, அங்கு நிற்கும் செடி எவரிடமிருந்து பெறப்பட்டது, எவர் நட்டார், எம்மாதத்திற் கத்தரிக்கப்படுகின்றது, எவ்வுரம் இடப்படுகின்றது என்பனவற்றை முதியோரிடம் கேட்டு எழுதுதல் பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக் காலத்திற் செய்யக்கூடிய பணியேயாகும். செடி கொப்பு வழியாகத் தொடரலாம். அதை நட்டவரின் பெயரோ, அறிந்த முதியோர் உள்ளபோதே எழுதப்பட்டாலன்றித் தொடராது.